மஞ்சள் மட்டும் விழுந்த தாள்கள்

எங்கள் ஊரில் சாமிகள் முதலில் மஞ்சளாகத்தான் பிறக்கும். அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம். கடைசியாகக் கருப்பு விழுந்த பிறகுதான் முருகனுக்குக் கண்ணும் மயிலுக்குக் கழுத்தும் வரும். சிவகாசியில் வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். மற்ற ஊர்களில் பள்ளிக்கூட நோட்டுக்குக் கடையில் விற்கும் பழுப்புத் தாளில் அட்டை போடுவார்களாம். எங்களுக்கெல்லாம் அச்சகத்தில் கழித்துப்போட்ட வேஸ்ட் ஷீட்தான். மஞ்சள் மட்டும் விழுந்த லட்சுமி, இரண்டு தடவை சிவப்பு விழுந்து காய்ச்சல் கண்டவர் மாதிரி ஆகிவிட்ட பிள்ளையார், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் ரிஜிஸ்டர் விலகி நான்கு கண்களோடு சிரிக்கும் குழந்தை. வெள்ளைப் பக்கம் வெளியே, படம் உள்ளே. கணக்கு வகுப்பில் அலுப்புத் தட்டினால் அட்டையின் மடிப்பை விரித்து, உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்ப்போம்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் அத்தையின் படத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அம்மா செய்தது உங்களுக்குப் புரியாது. சொன்ன பிறகும் புரியுமா என்றால், அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடை விடுமுறை. அப்பாவின் ஒரே தங்கையான அத்தை, சென்னையில் ஓவியக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, ஒரு பெட்டியும் நீளமான ஒரு காகிதச் சுருளுமாக வந்து இறங்கினாள். வந்த மறுநாளே கொல்லையில் துணி துவைக்கிற கல்லைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

வீட்டை ஒட்டியே அப்பாவின் ஆப்செட் ப்ரஸ் இருந்தது. பட்டாசு லேபிளும் காலண்டரும் அடிப்பார்கள். ஆப்செட் வருவதற்கு ரொம்ப முன்னால் அதே இடத்தில் கல்லச்சு ஓடியதாம். கல்லிலேயே படத்தை வரைந்து, கல்லிலிருந்தே தாளில் எடுக்கிற முறை. அந்தக் கல்தான் கொல்லைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"மதினி, இது சும்மா கல்லு இல்ல. இதுலதான் அந்தக் காலத்துல தீப்பெட்டி லேபிள் அடிச்சிருக்காங்க" என்றாள் அத்தை.

"தெரியும் தாயி. இப்ப அதுல ஒங்க அண்ணன் வேட்டி வெளுக்குது" என்றாள் அம்மா.

அத்தை அப்பாவிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அத்தை எங்கே போனாலும் அந்தக் கோடையில் நான் அங்கே இருந்தேன்.

"அண்ணே, அந்தக் கல்லுல நாலு கலர்ல ஒரு படம் அடிக்கப் போறேன்."

"அடிச்சுக்கோ. எம்புட்டு?"

"பத்து."

"பத்தாயிரமா?"

"பத்துண்ணே."

"பத்து ரீமா?"

"பத்துத் தாளு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவோம்ல, அந்தப் பத்து."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மெஷின்மேன் அண்ணாச்சி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "பத்துத் தாளுக்கு இங்க் டப்பா மூடியத் தொறக்கவே மனசு வராதே தாயி. மெஷினே கூச்சப்படும்" என்றார். நாள் முடிவதற்குள் தெருவில் இருந்த எல்லா ப்ரஸ்களுக்கும் சேதி போய்விட்டது. எதிரே வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் "ஒங்க அத்தை ஆர்டர் முடிஞ்சிருச்சா, லோடு ஏத்தியாச்சா?" என்று கேட்டார்கள். நானும் ரொம்பப் பெருமையாக, "இன்னும் இல்ல" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு அது விளையாட்டில்லை. வடக்கே ஒரு நகரத்தில் கல்லச்சுக்கென்றே ஒரு பட்டறை இருந்தது. அங்கே இரண்டு வருஷம் தங்கிப் படிக்க விரல்விட்டு எண்ணக்கூடிய பேரைத்தான் எடுப்பார்கள். விண்ணப்பிக்கிறவர் தன் கையால் கல்லில் வரைந்த ஒரு பலவண்ணப் படத்தை, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத மூன்று பிரதிகளாக ஆனி மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி இருப்பதுதான் கைத்திறமைக்கு அத்தாட்சி. சுருளில் வந்தது அதற்கான தாள். பருத்தியில் செய்த தடித்த தாள், மொத்தமே பத்து. அது தீர்ந்தால் வேறு கிடையாது. அத்தை இதை எனக்கு இரண்டு தடவை விளக்கினாள். எனக்கோ, ஆயிரம் தாள் எளிதாகக் கிடைக்கிற ஊரில் பத்துத் தாளுக்கு இவ்வளவு பாடா என்பதே பெரிய குழப்பமாக இருந்தது.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கும் வேனும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பிறந்தது பேப்பர் ஸ்டோர் வைத்திருந்த குடும்பத்தில். அவர்கள் வீட்டில் பெண் எடுத்தால் பதிலுக்கு எங்கள் வீட்டுப் பெண்ணை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அப்பா கல்யாணத்தின்போதே பேச்சு இருந்ததாம். அதாவது அத்தை மாமாவுக்கு. இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. மாமாவை எல்லாரும் ஏதாவது ஓர் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவார்கள். அத்தை மட்டும் "இங்கன பாருங்க" என்பாள். அவர் உடனே பார்ப்பார்.

கல்லைக் கடப்பாறை போட்டு நெம்பி உள்ளே கொண்டுவந்தது மாமாதான். கிடங்கில் பழைய டைரி அட்டைகளுக்கு அடியில் கிடந்த கல்லச்சு இயந்திரத்தை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சக்கரம் சுற்ற வைத்ததும் அவர்தான். மணலைச் சலித்துக் கொடுத்தார். ஒருநாள் வாழை இலையில் பொட்டலமாக ஆட்டுக்கொழுப்பு வாங்கி வந்தார். வரைவதற்கான பென்சில் கடையில் கிடைக்காது. மெழுகு, சோப்பு, கொழுப்பு, விளக்குக் கரி எல்லாம் சேர்த்துக் காய்ச்ச வேண்டும்.

"வெள்ளிக்கெழம அதுவுமா ஏம் அடுப்புல கொழுப்பா?" என்று அம்மா கத்தினாள். "ஏலே தம்பி, ஒனக்கு வேற சோலியே இல்லையா?"

"நான் என்னக்கா செய்ய. கலைக்குக் கொழுப்பு வேணுமாம்."

"அது ஒங்க ரெண்டு பேருகிட்டயும் ஏற்கெனவே நெறைய இருக்கே."

மாமா காரச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டினார். அத்தை கரிக்கையோடு நின்றதால், ஒரு காகிதத்தில் தனியாக எடுத்து வைத்தார். "ஒரு யோசனை சொல்லவா? வரைஞ்சதப் போட்டோ புடிச்சுக் குடு. நாளைக்கே ஆப்செட்டுல அஞ்சாயிரம் அடிச்சுத் தாரேன். அதுல எந்த மூணை வேணாலும் எடுத்து அனுப்பு, அம்புட்டும் ஒரே மாதிரி இருக்கும்."

அத்தை சிரித்தாள். "அப்ப என் கை எங்கன இருக்கும்?"

மாமா யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

படத்துக்கான இடமும் மாமா காட்டியதே. கம்பெனி வேன் போகிற வழியில் ஒரு கண்மாய். கோடையில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கரையில் ஒரு கருவேல மரம், அது நிறைய மஞ்சள் பூ, கிளைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள். ஆட்களை இறக்கிவிட்ட வெறும் வேனில் எங்களை அங்கே கூட்டிப்போனார். அத்தை வரைய வரைய அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கூட்டின் வாயைக் காட்டி, "இதுல வாசல் ஏன் கீழ இருக்கு?" என்று கேட்டார். "பாம்பு நுழையக் கூடாதுன்னு" என்றாள் அத்தை. "சொந்தக்காரங்களும் நுழைய முடியாது" என்றார் மாமா. அதற்கு அத்தை ஏன் அவ்வளவு நேரம் சிரித்தாள் என்பது என் குழப்பப் பட்டியலில் அடுத்தது.

வேலை தொடங்கியது. மணலைத் தூவித் தண்ணீர் விட்டு, மேலே இன்னொரு சின்னக் கல்லை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் பெரிய கல்லின் முகம் மாவு மாதிரி மழமழப்பாகிவிடும். அதில் கொழுப்புப் பென்சிலால் வரைய வேண்டும். பிறகு கருவேலம் பிசினில் துளி அமிலம் கலந்து தடவி ஊற விட வேண்டும். அப்புறம் கல்லை ஈரப்படுத்தி மை உருளையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஏறும், மற்ற இடத்தில் ஏறாது.

"ஏன் ஏறாது?"

"எண்ணெய் தேச்ச தலையில தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?"

"வழிஞ்சுரும்."

"அதேதான். வரைஞ்ச எடம் எண்ணெ, மத்த எடம் தண்ணி. மை எண்ணெயோட சொந்தக்காரன், அங்கதான் போவான்."

இது புரிந்தது. புரியாதது இரண்டு. ஒன்று, மரம் கண்மாயின் வலப்பக்கம் நிற்கிறது, அத்தை கல்லில் இடப்பக்கம் வரைகிறாள். "தாள்ல திரும்பி விழும்" என்றாள். சரி. மற்றது, அவள் மரத்தையே வரையவில்லை. தண்டு இல்லை, கூடு இல்லை, தண்ணீர் இல்லை. பூ இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள். இலை இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் திட்டுத் திட்டாகத் தீற்றல்.

"இலை பச்சைல்ல? பச்சை எங்க?"

"பச்சைன்னு தனியா ஒரு மை கெடையாது. மஞ்சள் மேல நீலம் விழும், அப்ப பாரு."

பத்துத் தாளிலும் மஞ்சள் விழுந்தது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. யாரோ மஞ்சள் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பின மாதிரிதான் இருந்தது.

அடுத்து அவள் செய்ததைக் கண்டு நான் கத்தியேவிட்டேன். மணலைக் கொட்டி, தண்ணீர் விட்டு, கல்லிலிருந்த படத்தைத் தேய்த்து அழிக்க ஆரம்பித்தாள். இருப்பது ஒரே கல். சிவப்புக்கும் நீலத்துக்கும் கருப்புக்கும் அதேதான். ஒரு நிறம் முடிந்தால் அதை அழித்துவிட்டுத்தான் அடுத்ததை வரைய முடியும். கத்தல் கேட்டு வந்த அப்பாவுக்கும் என் நிலைமைதான். பத்தாயிரம் அடித்த பிறகும் ப்ளேட்டைத் துடைத்து எடுத்துவைக்கிற மனிதர் அவர்.

"ஏம்மா, நாளைக்கு இன்னும் நாலு காப்பி வேணும்னா?"

"வராதுண்ணே. கொடியில தொங்குற பத்துதான். இனி எந்தக் காலத்துலயும் பதினொண்ணாவது கெடையாது."

அப்பா கொடியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், ப்ரஸ்ஸுக்குத் திரும்பிப் போய்விட்டார். அம்மா வாசல்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதே வாரத்தில் ஒருநாள் மதியம் அம்மாவும் அப்பாவும் பேசியது காதில் விழுந்தது. "ஆடி கழிஞ்சதும் ஆவணியில பேசி முடிச்சிரலாம்ங்க. ஏந் தம்பி வாயத் தொறந்து கேக்க மாட்டான். ஆனா அவன் மொகத்தப் பாத்தீகளா? இவ படம் தேறிருச்சுன்னா ரெண்டு வருசம். அங்கன போனவ திரும்பி இங்கன வருவாளா?" என்றாள் அம்மா. "மொதல்ல தேறட்டும்" என்றார் அப்பா. அத்தை மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே இருந்தால் எனக்கு நல்லதுதான். படம் தேறினாலும் நல்லதுதான். இரண்டும் ஒன்றாக நடக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. முதல்நாளே ஒரு மூட்டைப் புது நோட்டுகளோடு வந்தேன். மறுநாள் சாயங்காலம் வந்து பார்க்கும்போது எல்லாவற்றுக்கும் அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்கியிருந்தாள் அம்மா. மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. அதுவரை எனக்கு அப்படி ஓர் அட்டை வாய்த்ததில்லை. கெட்டியாக, லேசாகச் சொரசொரப்பாக, தும்பைப்பூ வெள்ளையில் இருந்தது.

அத்தை அப்போது சிவப்புக்கான வரைதலை முடித்துக் கல்லைத் தயார் செய்துவிட்டு, மையைக் குழைத்து வைத்துவிட்டு, தாளை எடுக்கப் போனாள். கொடியில் கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன.

"மதினி, இங்கன காயப் போட்டிருந்தேனே?"

சமையற்கட்டில் அம்மா கரண்டியைத் தட்டும் சத்தம்தான் வந்தது. குக்கர் சத்தத்தில் கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் ஓடிப்போய், "அத்தை, என் நோட்டப் பாருங்களேன்!" என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பினேன். ஒன்றைத் திறந்து, உள்ளே எந்தச் சாமி என்று காட்டுவதற்காக மடிப்பை விரித்தேன். சாமி இல்லை. மஞ்சள் புள்ளிகள் இருந்தன.

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு நோட்டாக எடுத்து விரித்துப் பார்த்தாள். சின்ன நோட்டுகளுக்காக ஏழு தாள்களைச் சரிபாதியாக வெட்டியிருந்தது. பெரிய நோட்டுகள் மூன்றுக்கு மட்டும் முழுத்தாளாகவே போட்டிருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வேஸ்ட்டுன்னு நெனச்சேன் புள்ள. மஞ்ச மட்டும்தான விழுந்திருந்துச்சு."

இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மஞ்சள் மட்டும் விழுந்திருந்தால் அது வேஸ்ட். இந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். நான் அம்மாவுக்காக வாதாடத் தயாரானேன்.

அத்தை மெதுவாகச் சொன்னாள்: "மதினி, நீங்க கண்ண மூடிக்கிட்டு ரெண்டு விரல்ல தேச்சே எந்தத் தாளு, எத்தன ஜிஎஸ்எம் கனம், எந்த மில்லுன்னு சொல்லுவீக."

அம்மா நின்றாள். "அவசரத்துல தெரியல" என்றாள்.

"சரி மதினி" என்றாள் அத்தை. நோட்டுகளை மறுபடி அடுக்கி என் பையில் வைத்தாள். "படிக்கிற புள்ளைக்குத்தான." அவ்வளவுதான். சண்டை வரும் என்று சுவரோடு ஒட்டி நின்ற எனக்கு, வராதது இன்னும் பயமாக இருந்தது. குழைத்த சிவப்பு மையின்மேல் அத்தை ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். அவள் சாப்பிட வரவில்லை. அம்மா எனக்கு இட்லி வைத்துவிட்டுச் சட்னி வைக்க மறந்துபோனாள்.

சற்று நேரத்தில் மாமா வந்தார், சேவுப் பொட்டலத்தோடு. "என்ன, சிவப்பு விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பெரிய நோட்டில் தமிழ் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். "புது அட்டையா?" என்றவர், ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தரம் தேய்த்தார். அவரும் பேப்பர் ஸ்டோர் வீட்டுப் பிள்ளைதானே. மடிப்பை விரித்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"காப்பி போடட்டுமா தம்பி?" என்றாள் அம்மா.

மாமா பொட்டலத்தைத் திண்டின்மேல் வைத்துவிட்டு எழுந்தார். "வேணாங்க்கா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா வீட்டில் அவர் காப்பி குடிக்காமல் போனதை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை எழுந்து வந்தபோது அம்மா இட்லிக் கொப்பரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இட்லி இல்லை. மூடியைத் திறந்து, எழும் ஆவியில் அட்டையின் வெளிப்பக்கத்தைக் காட்டி, என் பெயர்ச்சீட்டுகளை உரித்துக்கொண்டிருந்தாள். வெட்டாமல் தப்பிய மூன்று தாள்களையும் லேசாக ஈரமாக்கி, ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகை அடுக்கி, அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றினாள். இஸ்திரி போட்டால் தாள் இழுத்துக்கொண்டு அளவு மாறிவிடும், அப்புறம் சிவப்பு ஒரு பக்கமும் மஞ்சள் ஒரு பக்கமுமாக விழும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என் பெரிய நோட்டுகள் அன்று அட்டை இல்லாமல் பள்ளிக்கூடம் போயின. டீச்சரிடம் திட்டு வாங்கினேன். அதுவும் எதற்கு என்று புரியவில்லை.

அத்தை அந்த மூன்று தாள்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மடிப்புத் தழும்பு போகவில்லை. மேலிருந்து கீழாக நான்கு கோடுகள் மெல்லிய வெள்ளைத் தழும்பாக இருந்தன. "மூணே மூணுதான். கெடுக்கிறதுக்கு ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

"கெடாது. நான் சக்கரம் சுத்துறேன்" என்றாள் அம்மா.

நாதாங்கி போட்டுவிட்டு இரண்டு பேரும் வேலை செய்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அனுமதிக்கப்பட்டேன். தாளின் இரண்டு ஓரத்திலும் சிலுவைக் குறிகள் இருக்கும். அவற்றில் ஊசியைக் குத்தி, கல்லில் இருக்கிற குறிக்கு நேராகத் தாளை இறக்க வேண்டும். ஒரு மயிரிழை விலகினால் மரத்துக்கு இரண்டு நிழல் விழும். அம்மா ஒரு முனையைப் பிடிக்க, அத்தை மறு முனையைப் பிடிக்க, இரண்டு பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டு தாளை இறக்குவார்கள். "எறங்கு... எறங்கு... ஒங்க பக்கம் கொஞ்சம், மதினி... இருங்க." அவ்வளவு கிட்டத்தில் அவர்கள் முகம் பார்த்துப் பேசியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

சிவப்பு விழுந்தது. சாயங்கால வானம் வந்தது. பூவெல்லாம் கொஞ்சம் ஆரஞ்சாகியது. அழித்தார்கள். நீலத்துக்கு நான் கூட இருந்தேன். அம்மா சக்கரத்தைச் சுற்ற, கல் நகர்ந்து போய் வந்தது. அத்தை தாளை ஓரத்திலிருந்து உரித்துத் தூக்கினாள். தண்ணீர் இருந்தது. அதைவிட, அந்த மஞ்சள் தீற்றல்கள் இருந்த இடமெல்லாம் பச்சையாக, ஈரமாக, நிஜ இலையாக மாறியிருந்தன. நான் கையைத் தட்டிக் குதித்தேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. அம்மா அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு வருசமாப் பாக்கேன். ஒருநாளும் நின்னு பாத்ததில்ல" என்றாள்.

தழும்புகள்தான் பிரச்சினை. மை அந்தக் கோடுகளில் சரியாக ஏறவில்லை. வானத்தை வகிர்ந்துகொண்டு நான்கு வெள்ளை நூல்கள் தொங்கின. ஆனால் மூன்று பெரிய நோட்டுகளும் ஒரே அளவு, அம்மாவின் மடிப்பும் ஒரே மடிப்பு. அதனால் மூன்று தாளிலும் நூல்கள் அச்சு அசலாக ஒரே இடத்தில் இருந்தன. அத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கருப்புக்காகக் கல்லில் வரையும்போது, கண்மாய்க்கரையில் பார்த்து வரைந்த கூடுகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டைத் தொங்கவிட்டாள். இரண்டு கூடுகளுக்கு மேலே கிளை இருந்தது. ஒன்றுக்குக் கிளையை நீட்டினாள். நான்காவதற்கு நீட்டவில்லை. அது வெறும் வானத்திலிருந்து தொங்கியது.

"ஆகாசத்துலருந்தா கூடு தொங்கும்?" என்றேன்.

"தொங்குதே" என்றாள் அத்தை.

கெடு நாளுக்கு முன்பே மூன்றும் பெட்டியில் போயின. ஆடி பிறந்து, ப்ரஸ்ஸில் காலண்டர் சீசன் தொடங்கி, எல்லாரும் அத்தையின் பத்துத் தாளை மறந்துவிட்ட நேரத்தில் தேறிவிட்டதாகத் தகவல் வந்தது. அப்பா தெருவெல்லாம் சொன்னார், மூன்று தாள் என்பதை மட்டும் விட்டுவிட்டு. அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். அம்மா பெட்டியில் முறுக்கும் பருப்புப்பொடியும் வைத்துக்கொண்டே இருந்தாள். ரயிலடிக்கு அத்தையை மாமாதான் கம்பெனி வேனில் கூட்டிப்போனார். நானும் போனேன். வண்டி கிளம்பும்போது அத்தை ஜன்னல் வழியாக, "இங்கன பாருங்க" என்றாள். மாமா பார்த்தார். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வந்ததை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா மாமாவுக்குச் சாப்பாடு போட்டாள். மாமா தலை நிமிராமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினார். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, என்னய மன்னிச்சுருடா."

மாமா செருப்புக்குள் ஒரு காலை நுழைத்தபடியே நின்றார். "எதுக்குக்கா?" என்றார். "அட்டை போட்டதுக்கா, கழட்டுனதுக்கா?"

அம்மா நிலையில் பூசியிருந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சுலபமான கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு பெரிய மனுஷி நிற்கலாமா? அந்த வருஷம் முழுக்க எனக்கு எதுவுமே விளங்கவில்லை. இது ஒன்றாவது விளங்கியதே என்று கையைத் தூக்கிக்கொண்டு, வகுப்பில் சொல்வது மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"போட்டதுக்குத்தான் மாமா!"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா சிரித்தார், என் தலையைக் கலைத்துவிட்டு, "புள்ள கெட்டிக்காரிக்கா" என்றார். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்து முகத்தில் வைத்தவள், மாமாவின் வேன் தெருமுனை திரும்பிய பிறகும் அதை எடுக்கவில்லை. சரியான விடையைச் சொன்னதற்கு எனக்கு ஏதாவது கிடைக்கும் என்று நான் பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றேன்.